அறிவியல் வழியே ஆங்கிலம்: பெங்களூரு தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில், எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் அறிவியல், தொழில்நுட்பத் தலைப்புகளை வைத்துத்தான் வகுப்பு நடக்கும். பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் படிக்கட்டில் நின்றபடி கேட்ட சந்தேகங்கள், பிள்ளைகள் நோட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கிக் கேட்டவை, எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

இங்கிலீஷ் கத்துக்கத்தானே அனுப்பினோம், நீங்க எதுக்கு மிஸ் சயின்ஸ் நடத்துறீங்க?

நடத்துவது ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எதைப் பற்றிப் பேசுவது? "என் உயிர் நண்பன்" என்று பத்து வரி எழுதச் சொன்னால், போன வருடம் மனப்பாடம் செய்த பத்து வரிதான் வருகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேட்டால் அப்படி ஒப்பிக்க முடியாது. விஷயம் கண்முன்னே இருக்கிறது, அதைச் சொல்லப் பிள்ளை வார்த்தை தேடுகிறது. தேடிப் பிடித்த வார்த்தை சுலபத்தில் மறக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அறிவியல் தேர்வில் மதிப்பெண் குறைகிற பல பிள்ளைகளுக்கு அறிவியல் நன்றாகவே தெரியும், கேள்விதான் புரிந்திருக்காது. "டிஃபைன்" என்றால் வரையறை மட்டும் போதும். "எக்ஸ்பிளெயின்" என்றால் ஏன், எப்படி என்று விளக்க வேண்டும். "டிஸ்டிங்விஷ்" என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. "ஜஸ்டிஃபை" என்றால் சொன்னதற்குக் காரணம் காட்ட வேண்டும். இந்த நாலு சொல்லைப் பிரித்தறியத் தெரியாமல் மூன்று மதிப்பெண் கேள்விக்கு ஒரு வரி எழுதிவிட்டு வருகிறார்கள்.

சரி, எந்தத் தலைப்புல ஆரம்பிக்கிறது? ராக்கெட்டா, கம்ப்யூட்டரா?

அடுப்படியில் ஆரம்பியுங்கள். என் முதல் வகுப்பு எப்போதும் கொதிக்கிற தண்ணீரில்தான். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் நூறு என்பார்கள். சென்னையில் அது சரி. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அதனால் இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93 டிகிரி போதும். குக்கருக்குள் நேர்மாறு: ஆவி வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, உள்ளே வெப்பநிலை 120 டிகிரி வரை போகிறது. பருப்பு அதனால்தான் சீக்கிரம் வேகிறது.

இந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம். நாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம், பாலைக் காய்ச்சுகிறோம், முட்டையை அவிக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்குமே "பாயில்" போதும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அப்புறம் "பிகாஸ்" போட்டு ஒரு வாக்கியம், "சோ" போட்டு ஒரு வாக்கியம், "இஃப்" போட்டு ஒரு வாக்கியம். கடைசியில், ஊட்டியில் சாதம் வேக ஏன் அதிக நேரம் ஆகிறது என்று யாரும் சொல்லித் தராமல் தாங்களே எழுதுவார்கள்.

தமிழ்ல யோசிச்சா இங்கிலீஷே வராதுன்னு சொல்றாங்களே? வீட்லயும் இங்கிலீஷ்ல பேசணுமா?

வேண்டாம். இந்தப் பயம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தமிழில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் குறைவது வார்த்தையும் வாக்கிய அமைப்பும்தான், அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். விஷயமே புரியாமல் ஆங்கில வரிகளை ஒப்பிக்கிற பிள்ளைக்கு உதவுவதுதான் கடினம்.

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடி கிராமத்தில் பிறந்து தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர். வேலை பார்த்தது நம் பெங்களூருவில். வகுப்பில் நான் வைத்திருக்கும் முறை இதுதான்: முதலில் பார், பார்த்ததைத் தமிழில் சொல், பிறகு ஆங்கிலத்தில் எழுது. நடுப்படியைத் தாண்ட விடமாட்டேன்.

இவ்ளோ நீளமான வார்த்தையை எல்லாம் எப்படி மிஸ் மனப்பாடம் பண்றது?

பிரித்துப் பார். தமிழ்க் கலைச்சொற்கள் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. தொலைநோக்கி, நுண்ணோக்கி. ஆங்கிலத்தில் "டெலி" என்றால் தொலைவு, "மைக்ரோ" என்றால் நுண், "ஸ்கோப்" என்றால் நோக்குவது. "டெலிஸ்கோப்" தொலைநோக்கி, "மைக்ரோஸ்கோப்" நுண்ணோக்கி. "தெர்மோ" வெப்பம், "மீட்டர்" அளப்பது, ஆக வெப்பமானி. "போட்டோ" ஒளி, "சிந்தசிஸ்" சேர்க்கை, ஆக ஒளிச்சேர்க்கை. இவை கிரேக்க மொழித் துண்டுகள். இப்படி முப்பது துண்டு தெரிந்தால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாதிச் சொற்கள் பயமுறுத்தாது.

ஒரு எச்சரிக்கை. பெயர் எப்போதும் உண்மையைச் சொல்லும் என்று நினைக்க வேண்டாம். "ஹைட்ரஜன்" என்றால் நீரை உண்டாக்குவது, அது சரி. "ஆக்சிஜன்" என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று 18-ஆம் நூற்றாண்டில் லவாய்சியர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நினைத்து வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. எண்ணம் தப்பாகிப் போனது, பெயர் நின்றுவிட்டது.

வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இந்தி வேற. நாலு மொழியில புள்ள குழம்பிப் போயிடாதா?

நான் பார்த்தவரை குழம்பியதில்லை. நோட்டில் நாலு பத்தி போடச் சொல்கிறேன். ஒளிச்சேர்க்கைக்குக் கன்னடத்தில் "த்யுதி சம்ஸ்லேஷணெ", இந்தியில் "பிரகாஷ் சம்ஸ்லேஷண்". மேலே சொன்ன அதே அமைப்பு: ஒளி, பிறகு சேர்க்கை. ஒரே கருத்து நாலு சட்டை போட்டு நிற்பதைப் பார்த்ததும் பிள்ளை சொல்லை விட்டுவிட்டுக் கருத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி இது.

தெரிஞ்ச வார்த்தைதான், ஆனா சயின்ஸ் புக்ல வேற அர்த்தம் வருது. ஏன்?

அன்றாடப் பேச்சில் தளர்வாகப் புழங்கும் சொல்லை அறிவியல் எடுத்து இறுக்கமாகக் கட்டிவிடுகிறது. "வொர்க்" என்பதைப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் அரை மணி நேரம் நின்றால் கை வலிக்கும், ஆனால் இயற்பியல் கணக்கில் குடத்தின் மீது செய்த வேலை பூஜ்யம். விசை இருக்கிறது, நகர்வு இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் இதைக் கேட்டு நிஜமாகவே கோபப்பட்டாள். நியாயமான கோபம்தான், அந்தக் கோபத்தாலேயே அவளுக்கு அது மறக்கவில்லை.

நம்மை அதிகம் மாட்டிவிடுவது "கரண்ட்". "கரண்ட் போச்சு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினால் யாருக்கும் புரியாது. அங்கே "பவர் கட்" என்றோ "தி பவர் இஸ் அவுட்" என்றோ சொல்ல வேண்டும். இயற்பியலில் "கரண்ட்" என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டம், ஆம்பியரில் அளப்பது. "பவர்" என்பது திறன், வாட்டில் அளப்பது. பெஸ்காம் மின்சார பில்லில் வரும் யூனிட் இந்த இரண்டும் இல்லை. அது கிலோவாட் மணி, அதாவது ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றல். அடுத்த பில் வந்ததும் பிள்ளையிடம் கொடுத்து ஆங்கிலத்தில் படித்து விளக்கச் சொல்லுங்கள்.

"மாஸ்" என்றால் நம் பிள்ளைகளுக்கு முதலில் சினிமாதான் ஞாபகம் வரும். அறிவியலில் அது நிறை. நிலவுக்குப் போனாலும் மாறாது. மாறுவது "வெயிட்", எடை. அங்கே ஆறில் ஒரு பங்காகிவிடும்.

உண்மையைத்தானே எழுதினேன், 'வில்' போட்டா ஏன் மிஸ் வட்டம் போடுறீங்க?

தப்பு உன் மேல் இல்லை, தமிழ் வேறு மாதிரி வேலை செய்கிறது. "நாளைக்கு மழை பெய்யும்", "பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும்". தமிழில் இரண்டுக்கும் ஒரே "உம்" போதும். வரப்போவதையும் அது சொல்லும், எப்போதும் நடப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. வரப்போவதற்கு "வில்", என்றும் மாறாத உண்மைக்கு சாதாரண நிகழ்காலம். பனிக்கட்டி "மெல்ட்ஸ்", சூரியன் கிழக்கே "ரைசஸ்". அறிவியல் எழுத்தில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகைதான். இது ஒன்று பிடிபட்டாலே பக்கத்துக்கு நாலு வட்டம் குறையும்.

'தி சன்', 'தி மூன்'னு போடுறோம், 'மார்ஸ்'க்கு மட்டும் ஏன் 'தி' இல்ல?

"மார்ஸ்" ஒரு பெயர், உன் பெயர் மாதிரி. உன் பெயருக்கு முன்னால் யாரும் "தி" போடுவதில்லை. "சன்", "மூன்" இரண்டும் முதலில் பொதுச் சொற்கள். எந்தச் சூரியன், எந்த நிலா என்று பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிவதால் "தி". வியாழனுக்கு நிறைய நிலவுகள் உண்டு, அவற்றில் ஏதோ ஒன்றைச் சொன்னால் "எ மூன்" ஆகிவிடும். பூமி மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும்: "தி எர்த்" என்றும் எழுதலாம், மற்ற கோள்களோடு வரிசையில் சொல்லும்போது வெறும் "எர்த்" என்றும் எழுதலாம்.

பிராக்டிகல் நோட்ல 'ஐ ஹீட்டட்'னு எழுதினா சார் அடிச்சிடுறாரு. நான்தானே சூடு பண்ணேன்?

நீதான் செய்தாய். ஆனால் சோதனையை யார் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும் என்பதால் ஆளை விட்டுவிட்டுச் செயலை முன்னால் வைக்கும் வழக்கம் அது. "நீர் சூடாக்கப்பட்டது" என்று தமிழில் எழுதுகிறோம் அல்லவா, அந்தப் "பட்டது"தான் ஆங்கிலத்தில் "வாஸ் ஹீட்டட்". பெரிய ஆய்விதழ்களில் இப்போது "வீ" என்று எழுதுவதை ஏற்கிறார்கள். ஆனால் பள்ளியில் சார் கேட்கிறபடியே எழுது, மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது.

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' எல்லாம் தப்பா?

தப்புதான். "ரிசர்ச்" என்பதையும் அதோடு சேர்த்துக்கொள், இவற்றுக்குப் பின்னால் "எஸ்" வேண்டாம். "பாக்டீரியா" ஏற்கெனவே பன்மை, ஒன்றே ஒன்று என்றால் "பாக்டீரியம்".

'அறிவியல் வரமா சாபமா'ன்னு கட்டுரை கேட்டா என்ன எழுதுறது?

அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்காது. அவ்வளவு பெரிய கேள்விக்குப் பதினைந்து வயதில் யாராலும் சொந்தமாகப் பதில் எழுத முடியாது. கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே போ.

எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் தாத்தாக்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகள். அவர்களை கே.ஜி.எஃப். பற்றி எழுதச் சொன்னேன். 1902-இல் சிவனசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தாண்டித் தங்கவயலுக்குத்தான் போனது. பெங்களூருத் தெருவிளக்குகளுக்கு அது வந்தது 1905-இல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1965-இல் அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளின் தடத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். ஏன் அவ்வளவு ஆழம்? மேலிருந்து பொழியும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோவை மட்டும் தடுக்காது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது.

தாத்தா இறங்கிய அதே சுரங்கத்தில் உலகமே கவனித்த சோதனை நடந்தது என்று தெரிந்த அன்று அவர்களில் ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதினான். பிழைகள் இருந்தன. ஆனால் ஒரு வரிகூட வேறு எங்கேயும் பார்த்து எழுதியது இல்லை. வரமா சாபமா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது: மின்சாரம் வந்ததையும் எழுதியிருந்தான், பாறை வெடித்துச் செத்தவர்களைப் பற்றித் தாத்தா சொன்னதையும் எழுதியிருந்தான்.

பிப்ரவரி 28-க்கு ஸ்பீச் குடுக்கணும். எப்படி ஆரம்பிக்கிறது?

தேசிய அறிவியல் நாள் அது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-இல் அதே தேதியில் தன் கண்டுபிடிப்பை நிகழ்த்தினார், 1930-இல் நோபல் பரிசு பெற்றார், 1933-இல் பெங்களூரு வந்தவர் கடைசிவரை இங்கேயே இருந்தார். எல்லோரும் பிறந்த தேதியில் ஆரம்பிப்பார்கள். நீ அவர் கேட்ட கேள்வியில் ஆரம்பி: 1921-இல் கப்பலில் போகும்போது, கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது என்று யோசித்தார். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, அதுதான் ராமன் விளைவு. இதை நாலு சின்ன வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் போதும்.

கிளாஸ்ல எழுந்து பேசினா உச்சரிப்பைக் கேட்டு சிரிக்கிறாங்க மிஸ்.

சிரிக்கிறவர்களுக்கும் பாதிச் சொற்களில் அழுத்தம் எங்கே என்று தெரியாது. ஒலியைவிட அழுத்தம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். "போட்டோகிராஃப்" சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில். "போட்டோகிராஃபி" என்றால் இரண்டாம் அசைக்குப் போய்விடும். புதுச் சொல் எழுதும்போதே அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போட்டு வை. "சைக்காலஜி"யில் முதல் எழுத்தான "பி" ஒலிக்காது, "நியூமோனியா"விலும் அப்படியே. இவ்வளவுதான் ரகசியம். மற்றதைப் பேசிப் பேசித்தான் பழக்க வேண்டும்.

லீவுல எங்கயாவது கூட்டிட்டுப் போலாமா?

கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அதை ஒரே நாளில் சுற்றி முடிக்க நினைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள். பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்து, பார்க்காமல் தங்கைக்குத் தமிழில் சொல்லி, பிறகு உங்களிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். நேரு கோளரங்கத்தில் காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். முடிந்தால் முதலில் கன்னடக் காட்சி, இன்னொரு நாள் ஆங்கிலக் காட்சி. விஷயம் தெரிந்த பிறகு கேட்கும் ஆங்கிலம் தெளிவாகக் காதில் விழும்.

நியூட்டன்னு சின்ன எழுத்துல எழுதினா தப்புன்னு ஒரு மிஸ், சரின்னு ஒரு மிஸ். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. விஞ்ஞானியின் பெயர் என்றால் பெரிய எழுத்து. விசையை அளக்கும் அலகு என்றால் முழுச் சொல் சின்ன எழுத்தில், குறியீடு மட்டும் பெரிய "என்". வாட், ஆம்பியர், பாஸ்கல் எல்லாவற்றுக்கும் இதே விதி. "செல்சியஸ்" மட்டும் விலக்கு, எப்போதும் பெரிய எழுத்து. "கெல்வின்" முன்னால் "டிகிரி" வராது.

ஏஐ-கிட்ட கேட்டா அதுவே எழுதித் தருதே, நான் ஏன் கஷ்டப்படணும்?

அது எப்படி எழுதுகிறது என்று முதலில் தெரிந்துகொள். கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழகி, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு அடுக்குகிறது. பெரும்பாலும் சரியாக வரும், சில நேரம் தப்பையும் அதே உறுதியோடு சொல்லும். உனக்கு விஷயம் தெரியாவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது.

முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. கே.ஜி.எஃப். கட்டுரை எழுதிய பையன் மாதிரி முதலில் நீயே எழுது. பிறகு அதைக் கொடுத்து, "பிழைகளை மட்டும் காட்டு, ஏன் பிழை என்று தமிழில் சொல்" என்று கேள். அப்படிக் கேட்டால் அது நல்ல துணை.

நியூஸ்ல 'காபி மே ஹெல்ப்'னு போட்டிருந்தா காபி நல்லதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. "மே" என்றால் தமிழில் "லாம்". உதவலாம், உதவாமலும் போகலாம். "ஹெல்ப்ஸ்" என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாதபோது ஆய்வாளர்கள் இப்படி எழுதுவார்கள். "லிங்க்டு டு" என்று வந்தால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஒன்றால் மற்றொன்று வந்தது என்பதற்கு "காசஸ்" என்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவச் செய்திகளில் இந்த "லாம்"தான் முதலில் தொலைந்துபோகிறது.

'இட்ஸ் ஜஸ்ட் எ தியரி'ன்னு சொல்றாங்களே, அப்போ பரிணாமம் நிரூபிக்கப்படலயா?

முன்பு "வொர்க்" பற்றிச் சொன்னேனே, அதே சிக்கல்தான், ஆனால் இதில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். பேச்சில் "தியரி" என்றால் ஓர் ஊகம். பள்ளியில் "தியரி பேப்பர்" என்றால் செய்முறை இல்லாத தேர்வு. அறிவியலில் அது கோட்பாடு: பல வழிகளில் சோதித்து, பல உண்மைகளைச் சேர்த்து விளக்கும் கட்டமைப்பு. இன்னும் சோதிக்க வேண்டிய ஊகத்துக்கு "ஹைபாதசிஸ்", கருதுகோள் என்று தனிப் பெயர் இருக்கிறது. பரிணாமம் ஊகம் இல்லை, கோட்பாடு.

அப்படியென்றால் கோட்பாடு ஒருநாள் "லா" ஆகிவிடுமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். ஆகாது. "லா" என்ன நடக்கிறது என்று சொல்லும், "தியரி" ஏன் நடக்கிறது என்று சொல்லும். ஆப்பிள் எவ்வளவு விசையோடு விழும் என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஏன் விழுகிறது என்பதற்கு 1915-இல் ஐன்ஸ்டைன் கொடுத்த கோட்பாடு வேண்டும். போன மாதம் ஒன்பதாவது படிக்கும் பெண் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ லா உங்க 'டிஃபைன்' மாதிரி, தியரி 'எக்ஸ்பிளெயின்' மாதிரியா மிஸ்?" என்றாள். அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.